அடுப்பை எண்ணிய காப்புத் திட்டம்

ஆண்டிக்கு வயது அறுபதை நெருங்கியபோது அவருடைய குடல், இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அவர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச் சீர்திருத்தமும் வந்து இறங்கியது. இவ்விரண்டில் எது முதலில் வந்தது என்பதில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எது அதிகம் வலித்தது என்பதில் இல்லை.

அரவேணுவுக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்துக்கு ஆண்டி வந்து சேர்ந்தது எழுபத்தொன்றாம் ஆண்டு. அதற்கு முன்பு அவர் இலங்கையில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நடந்து, மணந்து, மனைவியைப் புதைத்து, தேயிலை ஆலையில் பெட்டி சுமந்துகொண்டிருந்தார். இரண்டு அரசுகள் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான், தாம் இவ்வளவு காலமும் இந்தியராக இருந்துவந்த செய்தி அவருக்கே தெரியவந்தது. செய்தி தெரிந்த பின் காலம் தாழ்த்துவது முறையன்று என்று அவரையும் அவருடைய ஒரே மகன் வடிவேலையும் கப்பலேற்றினார்கள். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் பேருந்துக்கு மாறி, மலை ஏறினார்கள். அந்த வளைவுகளில் ஆண்டி எடுத்த வாந்தி, இரண்டு நாடுகளிலும் அவர் உண்ட அனைத்தையும் வெளிக்கொணர்ந்ததாக வடிவேல் சொல்வான். குன்னூரில் இறங்கித் தரையில் கால் நிலைத்ததும் அவர் ஒரு சபதம் செய்தார்: மலைச் சாலையின் பாதி வழியிலுள்ள பர்லியாருக்குக் கீழே இனித் தம் கால் படாது. அரசாங்கங்கள் அவரைக் கேட்காமல் எடுத்த முடிவுகளுக்கு நடுவே, அவர் தாமாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். ஆகவே அதைக் கடைசிவரை காத்தார்.

தோட்டத்து வேலையில் சேர்ந்த வடிவேலுக்கு இரண்டு ஆண்டுகளில் திருமணம் நடந்தது. பெண் இசக்கியம்மா. அவளுடைய பாட்டன் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்துவிட்ட குடும்பம். பேச்சிலும் சமையலிலும் கோயமுத்தூர்ப் பக்கம் ஊறியவள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. வாய்த் திறமையும் கைத் திறமைக்குக் குறைந்ததன்று.

அவள் மருமகளாக வந்த மூன்றாம் நாள் காலையில் அந்த விபத்து நடந்தது. ஆண்டி இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொத்தில் மிக உயர்ந்தது ஒரு மாசித் துண்டு. மாசி என்பது அவித்து, புகையிட்டு, கல்லைப்போல் காயவைத்த மீன். அதைச் சிறிது இடித்துத் தேங்காயோடும் மிளகாயோடும் சேர்த்துச் சம்பல் செய்தால், அதற்கு மேல் ஒரு குழம்பும் தேவையில்லை என்பது இலங்கைத் தோட்டத்தார் கொள்கை. சுங்கக்காரர் கண்ணில் படாமல் கடல் கடந்த அந்தத் துண்டு, பண்டிகை தோறும் ஒரு சுரண்டல் என்ற கணக்கில் தேய்ந்து, பெருவிரல் தடிமனில் அடுப்புக்கு அருகே இருந்தது. பார்வைக்கு அது விறகுச் சிராயேதான். இசக்கியம்மா அதைச் சிராய் என்றே எடுத்து, ஈரவிறகு பிடிக்கவில்லையே என்ற கவலையில் அடுப்புக்குள் செருகிவிட்டாள்.

லைன் முழுவதும் மீன் மணத்தது. ஆண்டி ஓடிவந்து பார்த்தபோது, இலங்கை எரிந்து முடிந்திருந்தது.

அவர் கத்தவில்லை. வெளியே சென்று மூன்று கற்களைப் பொறுக்கிவந்து, அதே அறையின் எதிர்மூலையில் வைத்து, தமக்கென்று ஓர் அடுப்பைக் கூட்டினார். அன்றிலிருந்து மருமகள் கிழக்கு மூலையில் சமைத்தாள். மாமனார் மேற்கு மூலையில் சமைத்தார். நடுவே உட்கார்ந்து உண்ட வடிவேல், மனைவி சமைத்ததை வாயாலும் தகப்பன் சமைத்ததை மூக்காலும் உண்டான். பிறகு பிறந்த பெண்குழந்தை இரண்டு மூலையிலும் தட்டை நீட்டியது. இதைத் தவிர அந்த வீட்டில் பகை எதுவும் கிடையாது. இசக்கியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஆண்டி விறகு பிளந்து வைப்பார். ஆண்டியின் வேட்டியை இசக்கியம்மாதான் துவைப்பாள். சோறு மட்டும் வேறு.

அந்நாள்களில் தோட்டத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அதில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவரிடம் சிவப்பு, வெள்ளை, பழுப்பு என மூன்று சீசாக்கள் இருந்தன. சிவப்பு வயிற்றுக்கு, வெள்ளை காய்ச்சலுக்கு, பழுப்பு இருமலுக்கு. ஒன்று தீர்ந்துபோனால் மற்றொன்றிலிருந்து ஊற்றிக் கொடுப்பார். வந்து நின்றவர் யார், யாருக்கு என்ன உறவு, வேலையில் இருப்பவரா ஓய்ந்தவரா என்று அவர் கேட்டதில்லை. கேள்வி இல்லாத வைத்தியம். குணமும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. ஆயினும் கதவு திறந்திருந்தது. கையில் அழுத்த ஒரு சீசாவும் இருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு அந்தக் கதவை மூடினார்கள். கம்பெனி, காலத்துக்கு ஒவ்வாத இந்த முறையை ஒழித்து, மருத்துவக் காப்புத் திட்டம் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்திருப்பதாகக் காலைப் பிரட்டுக்களத்தில் நல அலுவலர் நல்லசாமி அறிவித்தார். தொழிலாளர் வேலைக்குக் கூடிப் பெயர் கொடுக்கும் அந்தத் திடலில் நல்ல செய்தி சொன்னவர் அதுவரை எவருமில்லை. எனவே மக்கள் கூர்ந்து கேட்டார்கள்.

நல்லசாமி கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நேர்மையானவர், கையூட்டு வாங்காதவர், விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அதன்படி எவரையும் கைவிடக்கூடியவர். அவர் விளக்கியது இது: தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓர் அட்டை தரப்படும். அந்த அட்டையோடு குன்னூரில் கம்பெனி குறித்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவைக் காப்பு ஏற்கும். நோயாளி படுக்கையில் ஓர் இரவாவது தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டும்.

பல்வலியால் கன்னம் வீங்கி நின்ற ராமாத்தாள் என்ற கொழுந்துக்காரி கை தூக்கினாள்.

“ஏனுங்க, பல்லு நோவுக்கும் உண்டுங்களா?”

“படுத்தீங்கன்னா உண்டுங்க.”

“நின்னுக்கிட்டே வலிச்சா?”

“நின்னா இல்லீங்க.”

“அப்ப வலியே படுத்தாத்தான் வரோணும்னு சொல்லிப் போடுங்க, சாமி கிட்ட வேண்டிக்கறன்.”

திடல் சிரித்தது. நல்லசாமி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. சிரிப்புக்கு விதியில் இடமில்லை.

அவருக்கு உண்மையான சிக்கல் குடும்பம் என்ற சொல்லில் வந்தது. அட்டை குடும்பத்துக்கு, குடும்பம் யாருக்கு? முதல் லைனில் அவர் உறவைக் கேட்டு எழுதத் தொடங்கினார். ஒருவர் தம்மை வீட்டுக்காரியின் தாய்மாமன் என்றார். அவரே அவளுக்குக் கொழுந்தனும் ஆவார் என்று பக்கத்து வீட்டார் திருத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவர் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. கப்பலில் அருகே அமர்ந்திருந்தவர், இறங்கும்போது சேர்ந்தே இறங்கிவிட்டார். ஒரு வாரம் முயன்று நல்லசாமி உறவு முறையைக் கைவிட்டார். அதன் பின் அவருடைய சொந்த மூளையில் அந்த விதி உதித்தது. கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டது. ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். ஒரே அடுப்பில் சமைத்து உண்பதும், உண்பவர்களுள் குறைந்தது ஒருவர் தொழிலாளியாக இருப்பதும் போதும்.

“உறவைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அடுப்பைக் கேட்டா ஒண்ணுதானுங்க சொல்லும்” என்று அவர் பெருமையுடன் கூறிக்கொண்டார்.

கேட்கும் முறையும் விந்தையானது. மாலையில், சமையல் நேரத்தில் அவர் வீட்டுக்குள் வருவார். கால்சட்டையை முழங்காலில் சற்று ஏற்றிவிட்டுக்கொண்டு அடுப்பின் முன் குந்துவார். சாம்பல் மேல் உள்ளங்கையைப் பிடிப்பார். சூடு இருந்தால் அது உயிருள்ள அடுப்பு. ஒரு மலைத்தோட்டத்து மக்களின் உடல்நலம் முழுவதும் சாம்பலில் நாடி பிடித்துப் பார்க்கப்பட்டது அந்த ஆண்டில்தான்.

வடிவேல் வீட்டில் அவர் கிழக்கு மூலையில் கை பிடித்தார், சூடு. மேற்கு மூலையில் கை பிடித்தார், அங்கும் சூடு.

“இது யாரோடதுங்க?”

“என்னோடது” என்றார் ஆண்டி.

“பெரியவர் வேலைக்குப் போறீங்களா?”

“போன வருசத்தோட நிப்பாட்டிட்டாங்க ஐயா. வயசு முடிஞ்சுபோச்சாம்.”

“அப்ப இந்த அடுப்புல தொழிலாளி யாருமில்லீங்க.”

“நா ஒருத்தன் இருக்கேனே.”

“நீங்க இருக்கறீங்க. குடும்பம் இல்லீங்க.”

ஆண்டி சற்று யோசித்தார். இதே குரலில், இதே பணிவோடு, ஒருவர் ஒருமுறை தமக்கு நாடு இல்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த வகையில் அவருக்குப் பழக்கம் இருந்தது. வடிவேல், இசக்கியம்மா, குழந்தை ஆகிய மூவருக்கும் அட்டை வந்தது. குழந்தை இரண்டு அடுப்பிலும் உண்பது பற்றித் திட்டம் எதுவும் சொல்லவில்லை.

ஆண்டிக்கு அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு வீக்கம் நெடுநாளாக இருந்தது. மாத்தளையில் தேயிலைப் பெட்டி சுமந்த காலத்துச் சம்பாத்தியம். நின்றால் இறங்கும், படுத்தால் ஏறும். ஒரு துண்டை இறுகக் கட்டி அதை அவர் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். திட்டம் வந்த கோடையில், குழாயடியில் குடத்தைத் தூக்கியபோது அது இறங்கியது, இறங்கியது ஏறவில்லை. வாந்தியும் வலியுமாக அவரைச் சுருட்டித் தோட்டத்து லாரியில் போட்டுக் குன்னூருக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அரும்பாடுபட்டுக் குடலை உள்ளே தள்ளிவிட்டு, வடிவேலிடமும் இசக்கியம்மாவிடமும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: இந்த முறை ஏறிவிட்டது, அடுத்த முறை ஏறாது. குடல் முறுக்கிக்கொண்டால் குன்னூர் வந்து சேரும் வரைகூடத் தாங்காது. மழை பிடித்துச் சாலை சரிவதற்குள் அறுத்துத் தைத்துவிட வேண்டும்.

வாசலில் இருந்த குமாஸ்தா அட்டையைக் கேட்டார். அட்டையில் பெரியவர் பெயர் இல்லை. அட்டை இல்லாமல் என்ன ஆகும் என்று வடிவேல் விசாரித்தான். தொகையைச் சொன்னார்கள். அவன் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. மலைமேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் இல்லை, கோயமுத்தூருக்கு இறங்கினால் அரசாங்கச் செலவில் அறுத்துக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கட்டிலில் கிடந்த ஆண்டி கண்ணைத் திறந்து, பர்லியார் என்ற ஒரு சொல்லை மட்டும் உச்சரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

வீடு திரும்பிய மறுநாள் இசக்கியம்மா பேச்சைத் தொடங்கினாள்.

“ஏனுங் மாமா, அந்த மூணு கல்லைத் தூக்கி வெளிய போட்டுப்போட்டு, என்ர அடுப்புல ஒருவாய் தின்னா என்னங்க?”

“நீ வெறகுன்னு எத வைப்பியோ, யாருக்குத் தெரியும்.”

“அது நடந்து எத்தன வருசமாச்சு?”

“மாசி திரும்ப வந்துருச்சா?”

“கொடலு வெளிய வந்துருச்சுங்களே, அது பத்தாதுங்களா?”

வடிவேல் இடையில் புகுந்து, “அப்பா, ஒரு நாளைக்கித்தான. அந்த ஐயா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்” என்றான். குடும்பத்தில் அவனுடைய பங்கு, எல்லாப் பெரிய முடிவையும் ஒரு நாளைக்குச் சுருக்கிச் சொல்வது.

நெடுநேரப் பேச்சுக்குப் பின் ஆண்டி இணங்கினார். கற்களை வெளியே எறிய மாட்டார். வீட்டின் பின்புறம், மழைநீர்க் கால்வாய் ஓரம், ஒரு தகரத்தின் மறைவில் வைப்பார். மேற்கு மூலையைச் சாணம் மெழுகிக்கொள்ளலாம். சோதனை முடியும்வரை மருமகள் சோற்றை உண்பார். ஆனால் நன்றாயிருக்கிறது என்று சொல்லச் சொல்லி எவரும் வற்புறுத்தக் கூடாது. நிபந்தனைகளை இசக்கியம்மா ஏற்றுக்கொண்டாள். மறு சோதனை வேண்டும் என்று வடிவேல் மனுக் கொடுத்தான்.

நல்லசாமி முன்னறிவிப்பின்றியே வருவார். ஆனால் அவருடைய மோட்டார் சைக்கிள் இரண்டு வளைவுக்கு முன்பே முன்னறிவிப்புச் செய்துவிடும். அவர் உள்ளே நுழைந்தபோது மேற்கு மூலை மெழுகிக் காய்ந்திருந்தது. ஆண்டி கிழக்கு மூலையில், மருமகளின் அடுப்பருகே, தட்டோடு அமர்ந்திருந்தார். ஒரு மனிதர் சோற்றின் முன் அவ்வளவு துயரத்தோடு உட்கார்ந்திருந்ததை நல்லசாமி அதற்கு முன் கண்டதில்லை.

“இன்னிக்கு என்ன கொழம்புங்க?” என்று ஆண்டியிடம் கேட்டார்.

“மொச்சக்கொட்ட.”

திரும்பி இசக்கியம்மாவைப் பார்த்தார். “மொச்சைங்க” என்றாள் அவள்.

நல்லசாமி குந்தி, சாம்பலில் கை பிடித்து, எழுந்து, பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று வடிவேல் மூச்சு விட்டான். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாகாது என்று இசக்கியம்மா பால் ஊற்றி, இனிப்புத் தூக்கலாக ஒரு தேநீர் கொடுத்தாள். நல்லசாமி குடித்தார், நன்றாயிருப்பதாகவும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லைத்தான் ஆண்டியால் தாங்க முடியவில்லை.

ஆண்டியின் மக்கள் மூன்று தலைமுறையாகத் தேயிலையை வளர்த்து, பறித்து, வாட்டி, பெட்டியில் அடைத்தவர்கள். அவர்கள் வீட்டில் விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பால் கிடையாது. கறுத்துச் சிவந்த வெறும் சாயம். கூடவே விருந்தாளியின் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. நாக்கில் கொஞ்சம் சீனி, பின் ஒரு மிடறு சாயம். இப்படிக் கொடுக்காமல் ஒருவரை அனுப்பிவிட்டால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். ஆண்டி தம் வாழ்நாளில் நாட்டை இழந்திருக்கிறார், வேலையை இழந்திருக்கிறார், மாசியை இழந்திருக்கிறார். ஒரு விருந்தாளியைப் பால்தண்ணீரோடு அனுப்பும் நிலைக்கு மட்டும் வந்ததில்லை. குடல் பெரிதா, சாயம் பெரிதா என்று அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எழுந்து பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

நல்லசாமி எழுதிக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாகப் புகை வந்தது. இசக்கியம்மா முந்தானையால் அதை விசிறினாள். அது அவளையும் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்தது. சற்று நேரத்தில் ஆண்டி ஒரு கையில் குவளையும் மறு கையில் சீனி டப்பாவுமாகத் தோன்றினார்.

“அது தண்ணி ஐயா. இது தேத்தண்ணி. கையக் காட்டுங்க.”

நல்லசாமி அறியாமலே கையை நீட்டினார். சீனி விழுந்தது. அவர் நக்கினார், குடித்தார், மறுபடி நக்கினார். அவருடைய முகத்தில் அலுவலர் கலைந்து, கோபிச்செட்டிபாளையத்தில் என்றோ கைவிட்டுவந்த ஒரு சிறுபிள்ளை எட்டிப் பார்த்தது. பிறகு அலுவலர் திரும்பி வந்தார்.

“நல்லா இருக்குதுங்க பெரியவரே. எந்த அடுப்புல போட்டீங்க?”

“என்னோட அடுப்புலதான்” என்றார் ஆண்டி, நெஞ்சை நிமிர்த்தி. “வேற யாரு அடுப்புல இப்புடிச் சாயம் எறங்கும்?”

வடிவேல் கூரையைப் பார்த்தான். நல்லசாமி உள்ளங்கையில் மீந்திருந்த சீனியை வீணாக்காமல் முடித்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்தார். எழுதியதை அடித்து, அடுப்பு இரண்டு என்று எழுதினார். போகும்போது ஆண்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை, கூடையை முதுகில் மாட்டும்போதுதான் இசக்கியம்மா பேசினாள்.

“பொணமாக் கெடந்தாலும் எந்திரிச்சு வந்தவியளுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுப்பீங்களாட்ட இருக்குது.”

“போடாம? ஒன்னோட பால்தண்ணியவா குடுக்கச் சொல்ற?” என்றார் ஆண்டி. ஆனால் குரலில் பழைய வலு இல்லை. துண்டைக் கட்டியிருந்த இடத்தில் கை இருந்தது. மேற்கே, கூடலூர்ப் பக்கம், மேகம் திரளத் தொடங்கியிருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

அவள் அன்று பறித்த கொழுந்தைவிட யோசித்ததுதான் அதிகம். நண்பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், கூடையை இறக்கிவிட்டு நேரே நல்லசாமியின் அறை வாசலில் போய் நின்றாள்.

“ஏனுங்க, ஒரு அடுப்பு, அதுல ஒரு தொழிலாளி. அவ்வளவுதானுங்களே விதி?”

“அவ்வளவுதானுங்க.”

“அந்தத் தொழிலாளி ஆம்பளையாத்தான் இருக்கோணும்னு இருக்குதுங்களா?”

நல்லசாமி விதியை எடுத்துப் படித்தார். “அப்படி இல்லீங்க.”

“கட்டுன புருசனும் அதே அடுப்புலதான் திங்கோணும்னு?”

மறுபடி படித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். தாமே எழுதிய விதி தம்மையே முறைத்துப் பார்ப்பதைப் போல் அவருக்கு இருந்தது. “அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க.”

“சரிங்க” என்று அவள் போய்விட்டாள்.

அன்று மாலை அவள் பின்புறம் சென்று, தகர மறைவிலிருந்து மூன்று கற்களையும் தானே தூக்கிவந்து, மெழுகிய மேற்கு மூலையில் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு தன் தட்டையும், குழந்தையின் தட்டையும், துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு அறையின் குறுக்கே நடந்து, மாமனார் அருகே உட்கார்ந்தாள்.

“மாமா, இன்னிக்கிருந்து நாங்க உங்க அடுப்புங்க. என்ன சமையல்?”

“ரொட்டி. சம்பல்” என்றார் ஆண்டி. பிறகு தயங்கி, “மாசி போட்டது. இராமநாதபுரத்து ஆளு ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான்” என்றார்.

“போடுங்க.”

“எனக்கு?” என்றான் வடிவேல், அணைந்த அடுப்பின் முன் நின்றபடி.

“உங்க அடுப்புல பாருங்க” என்றாள் இசக்கியம்மா.

நல்லசாமி மூன்றாம் முறை வந்தபோது, மேற்கு மூலையில் சாம்பல் சூடாக இருந்தது. அங்கே ஒரு தொழிலாளி, பதிவுபெற்ற கொழுந்துக்காரி, மாசிச் சம்பலைத் தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்தது.

“ஏனுங்க அம்மிணி, அழுவறீங்களா?”

“காரமுங்க” என்றாள், மூக்கை உறிஞ்சி. “ஆனா மோசமில்லீங்க. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு இத எரிச்சிருக்க மாட்டன்.”

ஆண்டி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காத்திருந்த மன்னிப்பு இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆண்டு என்று முகம் சற்றே ஏமாந்தது. எழுந்து சாயம் வைத்தார். நல்லசாமி கேட்கப்படாமலே கையை நீட்டினார். இசக்கியம்மா, மாமனார் ஆண்டி, குழந்தை என்று மூன்று பெயரோடு புதிய அட்டைக்கு எழுதினார். பிறகு கடமை விடாமல் கிழக்கு மூலைக்கும் போய்க் குந்தினார். சாம்பல் ஐஸாக இருந்தது.

“ஏனுங்க வடிவேலு, இது எரியலீன்னா உங்க அட்டை நிக்காதுங்க. அடுப்பில்லாத குடும்பத்துக்குத் திட்டத்துல எடமில்லை.”

இவ்வாறாக, பிறந்ததிலிருந்து தண்ணீர்கூடச் சுட வைத்தறியாத வடிவேல், தன் மருத்துவக் காப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் பொருட்டுச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். முதல் இரண்டு நாள் அந்த லைனில் எழுந்த தீய்ந்த நாற்றத்துக்கு முன், மாசி எரிந்தது சாம்பிராணி என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புக் கூறினார்கள். ராமாத்தாள் தன் வீங்கிய கன்னத்தோடு வந்து பார்த்துவிட்டு, “ஒரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இந்த ஊட்டுல எத்தன பேருக்குத்தான் வைத்தியம் நடக்குது” என்று சொல்லிப் போனாள். அவளுடைய பல்லுக்கு மட்டும் கடைசிவரை படுக்கை கிடைக்கவில்லை. நூல் கட்டிக் கதவில் இழுத்து எடுத்தாள். அந்தச் செலவைக் காப்பு ஏற்கவில்லை.

செய்தி பரவியது. மழை வலுப்பதற்குள் எல்லா லைன்களிலும் அடுப்புகள் இடம்பெயர்ந்தன. வேலையில் இல்லாத தகப்பன்மார் பக்கம் மருமகள்கள் போனார்கள். விதவை அக்காமார் பக்கம் தம்பிகள் போனார்கள். கப்பலில் அருகே அமர்ந்து வந்த அந்தக் கிழவருக்கும் ஓர் அடுப்புக் கிடைத்தது. நல்லசாமி ஒவ்வொன்றிலும் கை பிடித்து ஒவ்வொன்றையும் நேர்மையாக எழுதினார். அவருடைய வலது உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிற்று. அதற்கு மருந்து வாங்கலாமென்றால் டிஸ்பென்சரி இல்லை.

ஆண்டிக்குக் குன்னூரில் அறுவை நடந்தது. ஆஸ்பத்திரிக் குமாஸ்தா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவர் மகன் பெயரில் இல்லாமல் மருமகள் பெயரில் இருப்பது ஏன் என்று கேட்டார். “நாங்க அடுப்பு மாறிக்கிட்டமுங்க” என்றாள் இசக்கியம்மா. இது ஏதோ மலைச்சாதி வழக்கம் என்று எண்ணி அவர் மேலே கேட்கவில்லை. ஆண்டிக்கு அங்கே ஒரே குறை: காலையில் கொடுத்த பால் தேநீர். அதை அவர் சன்னல் வழியாக ஒரு குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவந்தார். செடி வாடியது, அவர் தேறினார்.

வீடு திரும்பி, தையல் ஆறிய பிறகு ஒருநாள் இசக்கியம்மா கேட்டாள்.

“மாமா, இனி ஒரு அடுப்புப் போதுமுங்களே. உங்க கல்லை எடுத்து வெளிய வச்சிருங்க. இவரும் பொங்கிப் பொங்கி அரிசிய நாசம் பண்றாரு.”

“கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு.”

“மூணு கல்லுதானுங்க.”

“மூணும் கனம்.”

“நான் தூக்கிப் போட்டுர்றன்.”

“கைய வைக்காத புள்ள. அது இப்ப ஒன்னோட அடுப்பும்தான். அட்டையில அப்புடித்தான் எழுதியிருக்கு.”

அவள் மேற்கு மூலையில் உட்கார்ந்து தேங்காயைத் துருவத் தொடங்கினாள்.

மறு ஆண்டு கம்பெனி திட்டத்தை மேலும் சீர்திருத்தியது. அடுப்புகளின் எண்ணிக்கை, காரணம் விளங்காத வகையில் பெருகிவிட்டதால் அந்த விதி நீக்கப்பட்டது. இனி ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களே ஒரு குடும்பம் எனத் தாக்கீது வந்தது. அதை எழுதியவர் சென்னையில் இருந்தார். லைன் வீடுகளை அவர் பார்த்ததில்லை.

நல்லசாமி அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டியின் வீட்டு வாசலில் நின்றார். பத்து வீடுகள் வரிசையாகச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. அந்தப் பத்துக்கும் மேலே, முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை, இடைவெளியே இன்றி ஒரே தகரக் கூரை ஓடியது. அவர் அதன் ஒரு முனையைப் பார்த்தார். மறு முனையைப் பார்த்தார். சாம்பலைப்போல் அதில் கை பிடித்துப் பார்க்கவும் வழியில்லை.

உள்ளே மேற்கு மூலையில் தண்ணீர் கொதித்தது. ஆண்டி குவளையோடு வெளியே வந்து, கேட்காமல் நீண்ட அந்தச் சிவந்த உள்ளங்கையில் சீனியைப் போட்டார். நல்லசாமி அண்ணாந்தபடியே நின்றார். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

“மொதல்ல குடிங்க ஐயா” என்றார் ஆண்டி. “சீனி நனையுது.”